ரிட்டர்ன் தரிசனம்

ஆகஸ்ட் 19, திங்கள்

வங்கியில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பூஜை அலமாரியில் ஊதுபத்திப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது. இன்று சௌந்தரி அதைத் தூசி தட்டி என் மடியில் போட்டாள். "ஒரு நாளைக்குப் பேசுறதுல பாதியை இதுல எழுதுங்க. காதுக்கு ஓய்வு கிடைக்கும்" என்றாள். யார் காதுக்கு என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாகிறது. சில கேள்விகளைக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

ஆகவே எழுதுகிறேன். கலியமூர்த்தி, வயது ஐம்பத்து மூன்று, ஊர் சிதம்பரம், தொழில் கவரிங் நகை. தனிக் கடை கிடையாது. எங்கள் வீட்டு முன்னறைதான் கடை, கட்டிலுக்கு அடியில் குடோன். பட்டறையிலிருந்து ஆரம், ஜிமிக்கி, ஒட்டியாணம் என்று எடுத்து வந்து, படம் பிடித்து, ஒரு பெரிய ஆப்பிலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவோம். படம் பிடிப்பது, பெட்டி கட்டுவது, முகவரி ஒட்டுவது எல்லாம் சௌந்தரி. பேசுவது நான். பெயர் 'சௌந்தரி கவரிங்'. என் பெயரில் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 'கலியமூர்த்தி ஒட்டியாணம்' என்று சொல்லிப் பார்த்தபோது மாட்டுக்குக் கட்டுகிற சாமான் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஆர்டர் பறக்கும். முகூர்த்தம் முடிந்த நாலாம் நாள் ரிட்டர்ன் வரும். காரணம் என்ற கட்டத்தில் 'படத்தில் இருந்த நிறம் இல்லை' என்று போட்டிருப்பார்கள். பெட்டியைத் திறந்தால் கொக்கியில் நீளமாக ஒரு முடி, கூடவே வாடின மல்லிகை. ஒரு தடவை ஒட்டியாணத்தின் இடுக்கில் கேசரி இருந்தது. முந்திரியோடு.

ரிட்டர்ன் பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்து வைக்க வேண்டும். பழையதா புதியதா என்று ஆப்காரர்களுக்குக் காட்ட அதுதான் சாட்சி. எடுக்கும்போது சும்மா எடுக்க முடிகிறதா? வாய் தானாகப் பேசிவிடுகிறது. அந்தக் கேசரி வீடியோவைப் போன மாதம் எங்கள் குழுவில் போட்டேன். எண்ணூறு பெண்கள் இருக்கிற குழு. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிலிருந்து ரிட்டர்ன் வந்தால் ஒரு வீடியோ உண்டு. 'ரிட்டர்ன் தரிசனம்' என்று பெயரும் வைத்தாயிற்று.

"நகை வாங்க வந்தவங்க உங்க வாயைப் பாக்க வர்றாங்க" என்றாள் சௌந்தரி. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மன்னார்குடியிலிருந்து தாமரைப் பதக்கம் வைத்த ஆரம் திரும்பி வந்தது. கல்யாணமே பண்ணிவிட்டு வந்திருக்கிறது. சந்தனம், குங்குமம், வியர்வை வாசனை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன். பின்கழுத்தில் கட்டுகிற கயிறுதான் சிரமம். வியர்வையைக் குடித்த கயிற்றை எந்தக் கொட்டையும் வெளுக்காது. வெட்டி எறிந்துவிட்டு வேறு கயிறு கோர்த்தேன்.

பதக்கத்தின் பின்பக்கம் தாமரை இதழுக்கு இதழ் பள்ளம். பிரஷ் போகவில்லை. பின்பக்கம் கழுத்துக்குத்தானே தெரியும், கழுத்து யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது?

புதுப் பெட்டியில் வைத்ததும் ஆரம் புதுசு மாதிரியே ஆகிவிட்டது. சௌந்தரியிடம் காட்டினேன்.

"மாதிரி" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லோடு உள்ளே போய்விட்டாள்.

இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கழுவினால் மெருகு போகிற கவரிங்கை விற்றால்தான் குற்றம். சாயங்காலமே அதற்கு ஆர்டர் வந்தது, அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ரிட்டர்ன் ஒன்றும் வரவில்லை. போரடித்தது.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று அமோகம்.

கூரியர் ராஜமாணிக்கம் பதினொரு மணிக்கு வந்தான். "அண்ணே, ஜெயங்கொண்டம் ரிட்டர்ன் ஒண்ணு. தரிசனம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். மற்ற வீட்டுப் பார்சல்கள் வண்டியில் வெயில் காய்ந்தன. ரசிகர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அனுப்பியவர் பெயர் ஜெயக்கொடி. மணப்பெண் அலங்காரம் செய்கிறவர். ஜெயங்கொண்டத்தில் பார்லர் வைத்திருக்கிறார். பெட்டிக்குள் ஒரு சீட்டு. அழகான கையெழுத்து. 'ஐயா, பதக்கத்தின் பின்னால் சந்தனம் ஒட்டியிருக்கிறது. யாரோ போட்ட நகை போலத் தெரிகிறது. மணப்பெண்ணுக்குப் போட முடியாது. வேறு புதியது அனுப்பவும்.'

இதைவிட நல்ல சரக்கு ஒரு மனுஷனுக்குக் கிடைக்குமா? படித்தேன், கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தேன். "யாரோ போட்ட நகையாம், தாய்மார்களே! அந்த யாரோ யாருன்னு கண்டுபிடிக்கப் போலீஸ் நாய் வேண்டியதில்ல. இந்தச் சந்தனமே வழி காட்டுது பாருங்க, நேரா ஜெயங்கொண்டத்து பஸ்சுல ஏறுது! அக்கா பொண்ணுங்களுக்கு மட்டுந்தான் மேக்கப் போடுவாங்கன்னு நெனச்சேன், நம்ம ஆரத்துக்கும் போட்டு அனுப்பியிருக்காங்க!" ராஜமாணிக்கம் சிரித்ததில் நாற்காலி பின்னால் போனது. அந்தச் சத்தமும் வீடியோவில் இருக்கிறது.

நடுவில் ஒரு நொடி என் பேச்சு நின்றது. ஆரத்தைக் கையில் தூக்கின இடத்தில். நேற்று மீந்த மோர்க்குழம்பைக் காலையில் சாப்பிட்டது தொண்டையில் நின்றுவிட்டது. வெட்டிவிடலாம் என்று பார்த்தேன், அந்த இடைவெளிகூட நாடகம் மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

முகவரிச் சீட்டு தெரியாமல் விரலை வைத்து மறைத்துக்கொண்டேன். அதெல்லாம் நாகரிகம் தெரிந்தவன்தான்.

'பயன்படுத்திய பொருள்' என்று ஆப்புக்கும் புகார் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வீடியோ குழுவைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து ஒரு மாமி, "உங்க குரல்ல ஒரு குறும்பு இருக்கு" என்று எழுதியிருக்கிறார். அரியலூர்க்காரர் ஒருவர் தன் குடும்பக் குழுவில் போட்டாராம். "இந்தப் பார்லரை எனக்குத் தெரியும்" என்று யாரோ ஒரு பெண்ணின் பதிவு. அதற்குக் கீழே இருபது பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.

சௌந்தரி சமையலறையில் நின்றபடியே வீடியோவைப் பார்த்தாள். சிரிப்பு வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை ஓட்டினாள். பிறகு, "கயிறு பச்சையா இருக்கே?" என்றாள்.

"வெளிச்சம் அப்படி" என்றேன்.

அவள் புளி கரைக்கப் போனாள். புளி கரைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

ஆகஸ்ட் 31, சனி

அந்த ஜெயங்கொண்டத்து அம்மா போன் செய்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்துவதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். கத்தவில்லை.

"சார், வணக்கம். ஜெயக்கொடி பேசுறேன். நான் அந்த நகையைப் போடலைங்க சார். பெட்டியைப் பிரிச்சேன், பின்னாடி சந்தனம் இருந்துச்சு, அப்பிடியே மூடிட்டேன்."

"நாங்க அனுப்பினது புதுசும்மா."

"நீங்க ஒரு தடவை நல்லா யோசிச்சுப் பாருங்க சார்."

அதற்குமேல் லைன் சரியில்லை. கட்டாகிவிட்டது.

போனில் இடம் நிறைந்துவிட்டதால் சில வீடியோக்களை அழித்தேன். அந்த வீடியோவும் அதோடு போய்விட்டது. குழுவிலிருந்தும் எடுத்துவிட்டேன். வெளியே ஓடுவதை யார் பிடிப்பது?

செப்டம்பர் 1, ஞாயிறு

கத்திரிக்காய் வாங்கப் போனேன். காய்க்காரம்மா, "அண்ணே, சந்தனம் ஜெயங்கொண்டத்து பஸ்சுல ஏறிடுச்சாமே?" என்றார். காய் கொஞ்சம் கூடவே போட்டார். வழக்கமாக அங்கே நின்று அரைமணி பேசுவேன். இன்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில் பார்த்தால் வெண்டைக்காய் வாங்கி வந்திருக்கிறேன்.

வீட்டில் சௌந்தரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"பட்டறையில இருந்து வர்ற ஆரத்துக்கு என்ன கயிறு?"

"மெரூன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"நாம மாத்துறதுக்கு?"

"நம்மகிட்டயும் மெரூன்தான் இருந்துச்சு. போன மாசம் தீந்துபோச்சு."

"அப்புறம்?"

நான் வெண்டைக்காயைக் கழுவ ஆரம்பித்தேன்.

"ஏங்க, அப்புறம் என்ன கயிறு போட்டோம்?"

"பச்சை."

அவ்வளவுதான். அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டையில் நான் நன்றாகப் பேசுவேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஜெயக்கொடி மறுபடி கூப்பிட்டார். நான் குளியலறையில் இருந்தேன். நிஜமாகவே இருந்தேன், ஆனால் போன் அடித்த பிறகுதான் போனேன். சௌந்தரி எடுத்தாள். கதவு வழியாக அவள் குரல் மட்டும் கேட்டது. "ம்... ஆமாங்க... ஐயோ... எத்தன வருஷமாச்சு?... ம்..."

வெளியே வந்ததும் சொன்னாள். அந்த அம்மா பதினோரு வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கிறார். வீட்டுக்காரர் இல்லை. மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுவதோடு நகை செட்டும் அவரே கொண்டுபோய்ப் போட்டு, மாலை கழற்றினதும் வாங்கிவருவார். கல்யாண வீட்டில் பெண்ணின் அறைக்குள் போக விடுகிற வெளியாள் அவர் ஒருத்திதான். உறவுக்காரர்களைக்கூட உள்ளே விடமாட்டார்கள், பீரோ திறந்து கிடக்கும். அந்த நம்பிக்கையில்தான் பிழைப்பு. வீடியோ ஓடினதிலிருந்து ஆவணிக்குப் பேசி வைத்திருந்ததில் இரண்டு வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெண்ணின் அம்மா நேராகவே கேட்டிருக்கிறார்: "இத்துனூண்டு கவரிங்குக்கே இப்பிடிப் பண்றவங்கள எப்பிடிங்க பொண்ணு ரூமுக்குள்ள விடுறது?"

"கேஸ் கீஸ்னு ஏதாவது..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் கேக்கல. ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க. அவங்க போடலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுமாம்."

சௌந்தரி என்னைப் பார்த்தாள். நான் துண்டால் தலையைத் துவட்டினேன். என் தலையில் துவட்டுவதற்கு முடி கம்மி. ரொம்ப நேரம் துவட்டினேன்.

செப்டம்பர் 4, புதன்

அந்த ஆரம் இன்னும் முன்னறை ஜன்னலில் இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். "நீங்களே வைங்க" என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

வீடியோ எடுத்துவிட்டேன்.

முதல் தடவை "தாய்மார்களே" என்று ஆரம்பித்ததும் என் கை தானாக மேலே போய் நடிக்க ஆரம்பித்துவிட்டது. அழித்தேன். இரண்டாம் தடவை சோகமாக முகத்தை வைத்துக்கொண்டேன். ஓட்டிப் பார்த்தால் வாந்தி எடுக்கப்போகிறவன் மாதிரி இருந்தது. அதையும் அழித்தேன். மூன்றாவதை அனுப்பினேன். நான் சொன்னது இதுதான்: "சொந்தங்களே, ஜெயங்கொண்டத்து அக்கா மேல தப்பில்ல. தப்பெல்லாம் இந்தக் கலியமூர்த்தி மேல. வேற ஒருத்தர் போட்டுத் திருப்பின நகையைக் கழுவி, கயிறு மாத்தி, புதுசுன்னு அக்காவுக்கு அனுப்புனவன் நான்தான். சந்தனத்தைப் பஸ் ஏத்தி விட்டவனே நான்தான். என்னை நாலு சாத்து சாத்துங்க, ஆனா செருப்பு மட்டும் கவரிங் வேணாம், நல்ல தோல் செருப்பா இருக்கட்டும்."

கடைசி வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் அதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதுவாக வந்தது.

மாலைக்குள் நானூறு பதில்கள். "அண்ணே, தெய்வம்ணே நீங்க." "ஒரு பொம்பளை மானம் போகக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு பாருங்க, இவருதான் மனுஷன்." "திருடினவங்களுக்கே இப்பிடி இரக்கப்படுறாரே!" விருத்தாசலத்து மாமி கண்கலங்கிவிட்டாராம். பதினாலு ஆர்டர் வந்தது. அதில் மூன்று, தாமரைப் பதக்க ஆரம்.

சௌந்தரி எல்லாவற்றையும் படித்தாள். போனை என்னிடம் கொடுத்தாள்.

"உங்க வாயால உண்மையைக்கூட உண்மையாச் சொல்ல முடியலையே" என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் ஜெயக்கொடி. இந்தத் தடவை நானே எடுத்தேன்.

"சார், நல்லது பண்றதா நெனச்சுப் பண்ணியிருக்கீங்க."

"ஆமாம்மா..."

"யாரும் நம்பலைங்க சார். 'பாவம், அந்த மனுஷன் உனக்காகப் பொய் சொல்றாரு'ன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. நேத்து வரைக்கும் நான் திருடி. இன்னைக்கு உங்க தயவுல தப்பிச்ச திருடி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை. ஐம்பத்து மூன்று வருஷத்தில் இது முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில மிச்சமிருக்கிற ரெண்டு பொண்ணு வீட்டுக்காரங்க முடிவு சொல்ல கடைக்கு வர்றாங்க. மத்தவங்க போனா போறாங்க. இந்த ரெண்டும் போச்சுன்னா ஐப்பசிக்கு யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. கடை வாடகை இடத்துல இருக்கு, சாவியைக் குடுத்துட வேண்டியதுதான். நீங்க நேர்ல வாங்க சார். நேர்ல வந்து சொல்லுங்க."

"வர்றேம்மா."

"சிரிக்காமச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

இந்த டைரியில் முன்பக்கங்களைப் புரட்டினேன். ஆகஸ்ட் 28-ல் விரலை வைத்து முகவரியை மறைத்ததாக எழுதியிருக்கிறேன். மறைக்கவில்லை. பெயரும் ஊரும் தெரிந்தால்தான் சிரிப்பு வரும் என்று தெரியும். யாரும் படிக்காத டைரியில் எதற்குப் பொய் எழுதினேன்? இன்னொன்றும் இருக்கிறது. அதை இங்கே எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. சௌந்தரி கொழுக்கட்டை செய்தாள். பக்கத்து வீட்டுக்கு எப்போதும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் வீட்டுச் சேதி நாலைத் தூக்கிக்கொண்டு வருவேன். இன்று அவளே கொண்டுபோனாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை ஏழு மணி பஸ். சௌந்தரியும் கூட வந்தாள். நான் வரச்சொல்லவில்லை. "வழியில எறங்கித் திரும்பிடுவீங்க" என்றாள்.

காட்டுமன்னார்கோயில் தாண்டியதும் முன்சீட்டுப் பெண் திரும்பினார். நான் நடத்துநரிடம் ஜெயங்கொண்டம் இரண்டு என்று கேட்ட குரல்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. "நீங்க ரிட்டர்ன் தரிசனம் அண்ணந்தானே? ஏங்க, இவருதாங்க!" என்று கணவரை எழுப்பினார். "ஏதாச்சும் சொல்லுங்கண்ணே, சிரிக்கலாம்." நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "பாருங்க, பேசாம இருந்தாலே சிரிப்பு வருது" என்று அந்தப் பெண் சிரித்தார். சௌந்தரி மறுபக்கம் பார்த்துக்கொண்டாள். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. முன்பெல்லாம் அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

பார்லர் மாடியில், சின்ன அறை. கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலி, சுவரில் இதுவரை அலங்கரித்த பெண்களின் படங்கள் வரிசையாக. ஜெயக்கொடி நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியோடு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தார். முகத்தில் பவுடர்கூட இல்லை. ஊரையே அலங்கரிக்கிறவர். நான் அந்த வீடியோவில் "அக்காவே மேக்கப் மூட்டைதான்" என்று வேறு சொல்லியிருந்தேன். அதை இந்த டைரியில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இரண்டு பெண் வீட்டாரும் சேர்த்து ஆறு பேர், எல்லாம் பெண்கள். மூத்தவர் ஒருவர் அரக்குச் சேலையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்குக் கல்யாணம். மகளும் பக்கத்தில் இருந்தாள், கையில் போன்.

ஜெயக்கொடி, "இவருதாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் ஆரம்பித்தேன். "அம்மா, அந்த நகை..." அதற்குள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "அம்மா, அதே குரல்மா" என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சொல்லிமுடித்தேன். முடித்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அரக்குச் சேலை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசு தம்பி. ஆனா எங்களுக்குப் பொண்ணு விஷயம். நீங்க இரக்கப்பட்டுச் சொல்றத வச்சு நாங்க முடிவு பண்ண முடியுமா?" என்றார்.

ஜெயக்கொடி சுவரைப் பார்த்து நின்றார்.

இரண்டாவது தடவை சொன்னேன். மன்னார்குடியில் ஒருத்தர் போட்டது, நான் கழுவினது, பின்பக்கம் பிரஷ் போகாதது, மெரூன் கயிறு தீர்ந்துபோய்ப் பச்சை கட்டினது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சௌந்தரி கைப்பையிலிருந்து பட்டறைப் புது ஆரம் ஒன்றை எடுத்து மெரூன் கயிற்றைக் காட்டினாள். பக்கத்தில் அந்தப் பச்சைக் கயிற்று ஆரத்தை வைத்தாள். அவள் அதையெல்லாம் எடுத்து வந்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. இரண்டு மூன்று பேர் குனிந்து பார்த்தார்கள். மகள் மட்டும் இன்னும் சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தாள்.

அரக்குச் சேலை அம்மா ஆரத்தைக் கீழே வைத்தார். "சரி தம்பி, அப்ப ஏதோ தெரியாம நடந்துபோச்சு. நீங்க மறந்துட்டு வீடியோ எடுத்துட்டீங்க. அந்தப் பாவத்துக்கு இப்பப் பரிகாரம் தேடுறீங்க, அதானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என்னை நல்லவன் என்றே விட்டிருப்பார்கள். ஆனால் ஜெயக்கொடி முகத்தில் இன்னும் தெளிவில்லை. மறதிக்காரர் ஒருவர் பெரிய மனதோடு வந்து காப்பாற்றிய பெண்ணாகத்தான் அவர் அந்த ஊரில் இருப்பார். பெண்ணின் அறைக்குள் விடுவார்களா, தெரியாது.

மூன்றாவது தடவை பேசினேன்.

"மறக்கலைங்க. பெட்டியைத் திறந்த உடனே பச்சைக் கயிறைப் பாத்துட்டேன். நாந்தான் கட்டினது. அந்த நிமிஷமே தெரியும், இந்தம்மா எழுதினது உண்மைன்னு. கேமரா ஓடிட்டு இருந்துச்சு. கூரியர்காரன் சிரிக்கிறதுக்குக் காத்துட்டு உக்காந்திருந்தான். சிரிக்க வச்சே ஆகணும்னு இருந்துச்சு. தெரிஞ்சேதான் பேசினேன். பேரு தெரியட்டும்னுதான் சீட்டைக் காட்டினேன். இந்தம்மா போன் பண்ணப்பவும் தெரியும். தெரிஞ்சுதான் கட் பண்ணேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அவளுடைய அம்மா என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். தம்பி என்று கூப்பிட்ட முகம் இல்லை அது. பிறகு என்னை விட்டுவிட்டுத் திரும்பி, "ஏம்மா ஜெயக்கொடி, முகூர்த்தம் ஏழரைக்கு. தலை பின்ன எத்தனை மணிக்கு வருவே? பொண்ணு ரூம் மாடியில இருக்கு, நேரா மேல வந்துடு" என்றார்.

"நாலு மணிக்கு வந்துடுறேங்க" என்றார் ஜெயக்கொடி. உடனே நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டார். இன்னொரு வீட்டாரும் சேர்ந்துகொள்ள, பின்னல் எப்படி, பூ எவ்வளவு, நெற்றிச்சுட்டி வேண்டுமா என்று பேச்சு ஓடியது. சௌந்தரியைக்கூட ஒருவர் நகர்ந்து உட்காரச் சொன்னார். அவளும் உட்கார்ந்து, ஒரு மாதமாகப் பேசாததையெல்லாம் பேசுகிறவள் மாதிரி ஜடைநாகத்தைப் பற்றிப் பேசினாள். கீழேயிருந்து டீ வந்தது. எட்டு டம்ளர். உள்ளே எங்களோடு ஒன்பது பேர்.

நான் கதவு பக்கம் நின்றுகொண்டிருந்தேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. நடுவில் பூவைப் பற்றி ஒரு நல்ல சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த அறையில் எல்லாரும் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.